வயதுக்கு வந்துவிட்டால் உடம்பு தயார் என்று யார் சொன்னது?

எங்கள் பிரசவ வார்டுக்குப் போன வாரமும் ஒரு சிறுவயதுக் கர்ப்பம் வந்தது. 16 வயது, எட்டாம் மாதம், வலிப்பு. 108-ல் வந்து இறங்கியபோது பி.பி. 170/110. கால் வீக்கத்தில் கொலுசு தோலுக்குள் புதைந்து, அதை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. வயது என்ன என்று மாமியாரைக் கேட்டோம். முதலில் பத்தொன்பது என்றார். ஆதார் கேட்டதும் "பதினெட்டு நடக்குதுங்க" என்றார். ஆதார் வந்தது. 16. வலிப்பை நிறுத்த மேக்னீசியம் சல்பேட் ஊசி போட்டு, சிசேரியன் செய்து, பெண்ணைக் காப்பாற்றினோம். ஒன்றரைக் கிலோவில் குழந்தை இன்குபேட்டரில் இருக்கிறது.

அந்தப் பெண்ணுக்கு அதுவரை ஒருவரும் பி.பி. பார்த்ததில்லை. ஒழுங்காகப் பார்த்துவந்திருந்தால், பி.பி. ஏறுவது வலிப்பு வரும் முன்பே தெரிந்திருக்கலாம்.

இதையெல்லாம் விட எனக்கு எரிச்சல் தருவது வராந்தாவில் கேட்கிற ஒரு வாக்கியம்: "அவ வயசுக்கு வந்து மூணு வருஷம் ஆச்சே டாக்டர்!" ஆகட்டும். பூப்பெய்துவது ஒரு தொடக்கம் மட்டும்தான். மாதவிடாய் ஆரம்பித்துவிட்டது என்பதைத் தவிர அதற்கு வேறு அர்த்தம் இல்லை. இடுப்பெலும்பு அதற்குப் பிறகும் பல வருடங்கள் வளர்கிறது. உயரம் நின்றுவிட்டதைப் பார்த்து இடுப்பும் முழுதாக வளர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். தலை இறங்க இடமில்லாமல் மணிக்கணக்கில் வலியோடு நின்றுபோகிற பிரசவங்களை இந்த வயதில் பார்க்கிறோம். சாப்பாடும் அப்படித்தான். வளர்கிற பெண்ணுக்கே பற்றாதது வயிற்றுப் பிள்ளைக்கும் பங்காகிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் ஐந்தில் மூன்று பேருக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபின் ஏழு என்று குறைந்துபோன பெண்ணுக்குப் பிரசவத்தில் கொஞ்சம் கூடுதலாக ரத்தம் போனாலே எங்களுக்கு வியர்த்துவிடும்.

அடுத்து பாட்டி வருவார். "எங்க அம்மா பதினாலு வயசுல பெத்தாங்க, நல்லாத்தானே இருந்தாங்க?" சரி, அவர் பெற்றது எத்தனை, தங்கியது எத்தனை என்று கேட்டுப் பாருங்கள். முதல் பிரசவத்திலேயே போய்ச் சேர்ந்த அவருடைய தங்கையைப் பற்றிப் பேச இன்று பேரப்பிள்ளைகள் யாரும் இல்லை. பிழைத்தவர்கள் கதை மட்டும்தான் நம் காதுக்கு வருகிறது.

எப்படி இந்த நிலைக்கு வருகிறார்கள்? "யார் கூடவாவது போயிடுவா" என்ற பயத்தில் பிளஸ் டூ முடியும் முன் கோயிலில் தாலி கட்டிவைத்த வீடுகள் பாதி. அதே தேசியக் குடும்பநல ஆய்வில், 20 முதல் 24 வயதுப் பெண்களில் 23 சதவீதம் பேருக்கு 18 முடியும் முன்பே திருமணம் ஆகியிருந்தது. காதலித்து, எதுவும் தெரியாமல் மாட்டிக்கொண்டவர்கள் இன்னும் சிலர். மூன்றாவது வகையைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை: மாமா, சித்தப்பா, பக்கத்து வீட்டு அண்ணன். வயிற்று வலி என்று வருகிற பெண்ணிடம் நான் எப்போதும் அம்மாவை வெளியே அனுப்பிவிட்டுத்தான் பேசுவேன்.

போலீஸ் பயத்தையும் பேசிவிடலாம். ஆமாம், கர்ப்பமான பெண் 18-க்குக் கீழ் என்றால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டப்படி நாங்கள் தகவல் கொடுத்தே ஆக வேண்டும். கொடுக்காவிட்டால் எங்கள் மேல் கேஸ். தாலி கட்டியிருப்பதால் ஒன்றும் மாறாது. அதை 2017-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் அந்தப் பெண் குற்றவாளி இல்லை. அவள் பெயர் வெளியே போகக் கூடாது என்பதும் சட்டம்தான். எஃப்.ஐ.ஆர். இல்லை என்று சொல்லி எந்த ஆஸ்பத்திரியும் அவசர சிகிச்சையை மறுக்க முடியாது. போலீஸுக்குப் பயந்து மறைத்தவர்கள்தான் கடைசியில் வலிப்போடு வருகிறார்கள்.

அம்மாக்களே, மகளுக்கு நாள் தள்ளிப்போனால் "இந்த வயசுல அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஒரு யூரின் டெஸ்டில் தெரிந்துவிடும், திட்டாமல் கூட்டி வாருங்கள். கேஸ் மாத்திரை கொடுத்தே ஏழாம் மாதம் வரை ஓட்டிய வீடுகளைப் பார்த்திருக்கிறேன். மெடிக்கலில் கலைக்கிற மாத்திரை வாங்கிக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். எத்தனை வாரம், கரு கர்ப்பப்பையில்தான் இருக்கிறதா என்று ஸ்கேன் பார்க்காமல் அதைப் போட்டு, ரத்தப்போக்கு நிற்காமல் வருகிறவர்களை யூனிட் முழுக்க ஓடித்தான் காப்பாற்றுகிறோம். சட்டப்படியே வழி இருக்கிறது. கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தத்துக்குப் பிறகு 18 வயதுக்குட்பட்ட பெண்களுக்குப் பாதுகாவலர் சம்மதத்தோடு 24 வாரம் வரை கருக்கலைப்பு செய்யலாம். தாமதித்தால் கோர்ட்டுக்கு அலைய வேண்டும்.

18 முடியாத பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு நடப்பது தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்யுங்கள். சொந்தக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள், கோபித்துக்கொள்ளட்டும்.

ஏற்கெனவே கர்ப்பமாகிவிட்ட பெண்ணா? தொடர்வதாக இருந்தால் நாளைக்கே செக்கப்புக்கு வாருங்கள். ஒவ்வொரு முறையும் பி.பி., யூரின் அல்புமின் (சிறுநீரில் புரதம் போகிறதா என்ற டெஸ்ட்) பார்க்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையைக் காபியோடு போடக் கூடாது. தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்று வலி, இதில் எது வந்தாலும் ராத்திரி என்று பார்க்காதீர்கள். பிரசவம் முடிந்து வீட்டுக்குப் போகும் முன் கருத்தடை பற்றிக் கேளுங்கள், நாங்கள் மறந்தாலும் நீங்கள் கேளுங்கள். டி.சி. வாங்கி வீட்டில் வைத்திருந்தால் எடுத்துக்கொண்டு தலைமை ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். பள்ளியில் சேர முடியாவிட்டால் தனித்தேர்வராகவாவது அவள் பரீட்சை எழுதட்டும்.