குற்றவாளி வெளியே வருகிறார்: பாதிக்கப்பட்டவருக்கு யார், எப்போது சொல்ல வேண்டும்?

ஒருவர் ஜாமீனிலோ பரோலிலோ தண்டனை முடிந்தோ வெளியே வரும்போது, பாதிக்கப்பட்டவருக்குச் சிறையிலிருந்தே தகவல் வந்துவிடும் என்று பலர் நம்பியிருக்கிறார்கள். இந்தியாவில் எல்லாக் குற்றங்களுக்கும் பொருந்தும்படி அப்படி ஒரு பொது விதி கிடையாது. சில சட்டங்கள் சில வழக்குகளில் மட்டும் அந்த உரிமையைத் தருகின்றன. அதுவும் பெரும்பாலும் சிறைக்கதவு திறக்கும் நாளில் கிடைப்பதில்லை, அதற்கு முன்னால் நடக்கும் ஜாமீன் விசாரணையில்தான் கிடைக்கிறது. ஆகவே உங்கள் வழக்கு எந்தச் சட்டத்தில், எந்தப் பிரிவில் பதிவாகியிருக்கிறது என்று எஃப்.ஐ.ஆர். நகலில் முதலில் பாருங்கள். புகார் கொடுத்தவருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ அந்த நகலை இலவசமாகத் தர வேண்டும்.

உரிமை மிக வலுவாக இருப்பது பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்குகளில். 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள 15ஏ பிரிவின் 3-ஆம் உட்பிரிவு, ஜாமீன் உட்பட எந்த நீதிமன்ற நடவடிக்கையானாலும் பாதிக்கப்பட்டவருக்கோ அவரைச் சார்ந்தவருக்கோ சரியான தகவலை உரிய காலத்தில் தர வேண்டும் என்கிறது. தெரிவிக்க வேண்டியவர் சிறப்பு அரசு வழக்கறிஞர் அல்லது மாநில அரசு. 5-ஆம் உட்பிரிவு, ஜாமீன், விடுதலை, பரோல், தண்டனை ஆகிய எல்லாவற்றிலும் உங்கள் தரப்பைச் சொல்லும் உரிமையைத் தருகிறது. இவை இரண்டும் கட்டாயமானவை என்று ஹரிராம் பாம்பி வழக்கில் 2021-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்ட தரப்புக்கு நோட்டீஸ் போகாமல் உயர் நீதிமன்றம் கொடுத்திருந்த ஜாமீனையும் அந்தத் தீர்ப்பில் ரத்து செய்தது. நோட்டீஸ் வராமலேயே ஜாமீன் கிடைத்துவிட்டது என்றால், அந்த உத்தரவை எதிர்க்க அது ஒன்றே போதுமான காரணம்.

நடைமுறையில் நோட்டீஸ் காவல் நிலையம் வழியாகத்தான் வரும். சிக்கலும் அங்கேதான். விசாரணைக்கு முந்தைய நாள் இரவு போலீஸ்காரர் வந்து கையெழுத்து வாங்கிப் போவார். அல்லது போனில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, "தெரிவிக்கப்பட்டது" என்று கோர்ட்டில் பதிவு செய்துவிடுவார்கள். கையெழுத்துப் போடும்போது பெயருக்குக் கீழே தேதியையும் நேரத்தையும் உங்கள் கையாலேயே எழுதுங்கள், தாளைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அவகாசம் போதாவிட்டால் அன்றைக்கு நேரில் போய், வழக்கறிஞர் வைக்க நேரம் வேண்டும் என்று கேட்கலாம். முந்தைய இரவு வந்த நோட்டீஸை உரிய காலத்தில் வந்தது என்று சொல்ல முடியாது.

சிறப்பு நீதிமன்றம் ஜாமீன் மறுத்ததும் இனி பயமில்லை என்று பலர் ஓய்ந்துவிடுகிறார்கள். மறுக்கப்பட்டவர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 14ஏ பிரிவின்படி உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்வார், அங்கேயும் உங்களுக்கு நோட்டீஸ் வர வேண்டும். ஜாமீன் கொடுக்கப்பட்டிருந்தால் அதே பிரிவில் நீங்களும் மேல்முறையீடு செய்யலாம். அதற்குக் காலவரம்பு 90 நாள்.

போக்சோ, அதாவது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் சட்டத்தின் வழக்குகளில் ஏற்பாடு வேறு. 2020-ஆம் ஆண்டு போக்சோ விதிகளில் 4-ஆம் விதி, குழந்தைக்கும் பெற்றோருக்கும் தெரிவிக்க வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறது. கைது, குற்றப்பத்திரிகை, தீர்ப்பு ஆகியவற்றோடு, குற்றம் சாட்டப்பட்டவர் ஜாமீனில் இருக்கிறாரா, விடுவிக்கப்பட்டாரா, காவலில் இருக்கிறாரா என்பதும் அதில் இருக்கிறது. சொல்ல வேண்டிய பொறுப்பு காவல்துறைக்கும், குழந்தைகள் நலக் குழு நியமிக்கும் ஆதரவு நபருக்கும் உண்டு. ஆதரவு நபர் நியமிக்கப்படவில்லை என்றால் குழுவுக்கு எழுதிக் கேளுங்கள். குடும்பத்துக்காகத் தேதிகளைத் தொடர்ந்து கவனிக்கும் ஆள் பெரும்பாலும் அவர் ஒருவர்தான். 16 வயதுக்குட்பட்ட சிறுமி மீதான பாலியல் வன்கொடுமை, 18 வயதுக்குட்பட்டவர் மீதான கூட்டுப் பாலியல் வன்கொடுமை ஆகிய வழக்குகளில், ஜாமீன் விசாரணையின்போது புகார்தாரரோ அவர் அனுப்பும் ஆளோ இருப்பது கட்டாயம் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 483(2) பிரிவு சொல்கிறது.

கொலை, அடிதடி, கொள்ளை போன்ற மற்ற வழக்குகளில் யாரும் தேடி வந்து சொல்ல மாட்டார்கள். ஆனால் வழக்கின் ஒவ்வொரு கட்டத்திலும் தன் தரப்பைச் சொல்லப் பாதிக்கப்பட்டவருக்கு உரிமை உண்டு என்று லக்கிம்பூர் கேரி வழக்கில் 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஜாமீன் மனு போடப்பட்டது தெரிந்தால் உங்கள் வழக்கறிஞர் இடையீட்டு மனு போட்டு எதிர்க்கலாம். தெரிந்துகொள்ள, நீதிமன்ற வழக்கு விவரங்களைத் தரும் ஈ-கோர்ட்ஸ் இணையதளத்தைப் பாருங்கள். ஜாமீன் மனுவுக்கு மூல வழக்கின் எண் இருக்காது, தனி எண் கொடுப்பார்கள். மூல வழக்கின் சி.என்.ஆர். எண்ணை (வழக்குக்குத் தரப்படும் அடையாள எண்) மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் ஜாமீன் மனு கண்ணில் படாது. காவல் நிலையம், எஃப்.ஐ.ஆர். எண், ஆண்டு இவற்றைக் கொண்டும், எதிரியின் (குற்றம் சாட்டப்பட்டவரின்) பெயரைக் கொண்டும் தேடுங்கள். மாவட்ட நீதிமன்றத்தையும் உயர் நீதிமன்றத்தையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

கைதான நாளையும் குறித்து வையுங்கள். குற்றத்தைப் பொறுத்து 60 அல்லது 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால், எதிரி கேட்டாலே ஜாமீன் கொடுத்தாக வேண்டும். நீங்கள் எவ்வளவு வலுவாக எதிர்த்தாலும் அங்கே எடுபடாது. ஆகவே குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டதா என்று 50-ஆம் நாளிலேயே விசாரணை அதிகாரியிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

ஜாமீன் உத்தரவானாலும் ஜாமீன்தாரர்களைச் சரிபார்த்து, உத்தரவு சிறைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் ஆள் வெளியே வருவார். அந்த இடைவெளி சில மணி நேரமாகவும் இருக்கலாம். அதற்குள் உத்தரவின் நகலை வாங்கி நிபந்தனைகளைப் படியுங்கள்: எங்கே தங்க வேண்டும், எந்த ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும், யாரை அணுகக் கூடாது. மீறல் நடந்தால் அன்றே எழுத்துப் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். அதே சன்ஹிதாவின் 483(3) பிரிவில் ஜாமீனை ரத்து செய்யக் கேட்கும்போது அந்த ரசீதுகள்தான் சாட்சி.

தண்டனை பெற்றவர் விஷயத்தில் காத்திருக்காமல் முன்கூட்டியே எழுதுவதுதான் ஒரே வழி. தமிழ்நாட்டில் 1982-ஆம் ஆண்டு தண்டனை நிறுத்திவைப்பு விதிகளின்படி கைதிகள் தற்காலிகமாக வெளியே வர அவசர விடுப்பும் சாதாரண விடுப்பும் உண்டு. சிறைக் கண்காணிப்பாளருக்கும் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் உள்துறைச் செயலாளருக்கும் ஒரே கடிதத்தை ஒப்புகையோடு அனுப்புங்கள். குற்ற எண், காவல் நிலையம், வழக்கு எண், நீதிமன்றம், தீர்ப்புத் தேதி ஆகியவற்றோடு, விடுப்பு, முன்விடுதலை (தண்டனைக் காலம் முடியும் முன்பே விடுவிப்பது), இறுதி விடுதலை ஆகியவற்றுக்கு முன்னால் எனக்குத் தெரிவியுங்கள் என்ற கோரிக்கையும் இருக்கட்டும். அவர்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்ற விதி இல்லாவிட்டாலும், கோப்பில் உங்கள் ஆட்சேபம் இருக்கும். வழக்கு வேறு மாநிலத்துக்கு மாற்றப்பட்டு அங்கே தீர்ப்பானதா? முன்விடுதலையை முடிவு செய்வது அந்த மாநில அரசுதான், கடிதமும் அங்கேதான் போக வேண்டும். பில்கிஸ் பானு வழக்கில் 11 பேரின் முன்விடுதலையை 2024 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததும் இந்தக் காரணத்தால்தான்: விசாரணை நடந்தது மகாராஷ்டிரத்தில், விடுவித்தது குஜராத்.

ஒரு எச்சரிக்கை. நீங்கள் கோர்ட்டில் போடும் மனுவின் நகல் எதிர்த்தரப்புக்குப் போகும். வீடு மாறியிருந்தால் புது முகவரியையோ புது போன் எண்ணையோ அதில் எழுதாதீர்கள், வழக்கறிஞரின் முகவரியைக் கொடுங்கள்.

மிரட்டல் இருந்தால் 2018-ஆம் ஆண்டு சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தில் விண்ணப்பியுங்கள். மாவட்ட முதன்மை நீதிபதி தலைமையிலான குழுவுக்கு, அதன் உறுப்பினர்-செயலரான மாவட்ட அரசு வழக்குத் துறைத் தலைவர் வழியாக விண்ணப்பம் போகும். டி.எஸ்.பி. அல்லது உதவி ஆணையர் 5 வேலை நாளுக்குள் அச்சுறுத்தல் அறிக்கை தர வேண்டும். அவசரமென்றால் இடைக்காலப் பாதுகாப்பும் கேட்கலாம். பாதுகாப்பு ஒரு தடவைக்கு அதிகபட்சம் 3 மாதம்தான், ஆகவே முடியும் முன்பே நீட்டிப்புக்கு மனு கொடுங்கள். வழக்கறிஞர் வைக்கப் பணமில்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், உதவி எண் 15100. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் அங்கே இலவச வழக்கறிஞர் உண்டு.