ஸ்குவெல்ச் இரைச்சலை நீக்குவதில்லை

வாக்கி-டாக்கி, சி.பி. செட் (பொதுமக்கள் பேசிக்கொள்ளும் குறுந்தூர வானொலி) பற்றித் தமிழில் எழுதுகிறவர்களிடம் 'ஸ்குவெல்ச்' குமிழுக்கு 'இரைச்சல் நீக்கி' என்றொரு பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கேட்க நல்ல தமிழ்தான். ஆனால் அந்தக் குமிழ் எந்த இரைச்சலையும் நீக்குவதில்லை.

மெத்தென்ற ஒன்றைச் சதக்கென்று நசுக்கும் ஓசையைப் போலச் செய்து ஆங்கிலத்தில் பிறந்த சொல் அது. பிறகு, எதிராளியை ஒரே பதிலில் வாயடைக்கச் செய்வதற்கும் ஆகிவந்தது. வானொலிக்காரர்கள் எடுத்துக்கொண்டது இந்த இரண்டாம் பொருளை. சொற்பிறப்புக்கு இது போதும்.

குமிழ் செய்கிற வேலைக்கு வருவோம். சேனலில் யாரும் பேசாதபோது ஸ்பீக்கரில் 'உஸ்ஸ்' என்று ஓயாமல் ஓடும் அல்லவா, அப்போது ஸ்பீக்கருக்குப் போகும் ஒலியை ஸ்குவெல்ச் மொத்தமாக அடைத்து வைக்கும். சிக்னல் வந்ததும் திறந்துவிடும். திறந்த பிறகு குரலும் இரைச்சலும் எந்த அளவில் கலந்து வருகின்றனவோ, அப்படியே ஸ்பீக்கருக்குப் போகும், துளிகூட வடிகட்டாது.

'நீக்கி' என்று படித்தவர் என்ன செய்வார்? தூரத்து நிலையம் கரகரக்கும்போது, கரகரப்பு குறையும் என்று குமிழை வலப்பக்கம் திருகுவார். குறையாது. ஓரிடத்தில் குரலும் சேர்ந்து பட்டென்று அறுந்துபோகும். செட் பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போவார். பழுது பெயரில் இருக்கிறது.

இன்னொரு சங்கடம். பெரிய செட்டுகளின் முகப்பில் உண்மையாகவே இரைச்சலோடு மல்லுக்கட்டும் பொத்தான்கள் வேறு இருக்கின்றன. என்.பி. என்பது வண்டி இன்ஜினின் தீப்பொறி போன்ற 'டக் டக்' துடிப்புகளை, அவை வரும் கணத்தில் மட்டும் வெட்டிவிடும். என்.ஆர். என்பது குரலையும் இரைச்சலையும் கணக்கிட்டுப் பிரிக்கப் பார்க்கும். 'நீக்கி' என்ற பெயரை ஸ்குவெல்ச்சுக்குத் தாரை வார்த்துவிட்டு இவற்றை என்னவென்று அழைப்பது?

எஃப்.எம். செட்டில் ஸ்குவெல்ச் இயங்கும் விதத்தைப் பார்த்தால் 'நீக்கி' இன்னும் அபத்தமாகும். சிக்னல் இல்லாதபோது எஃப்.எம். பகுப்பானிலிருந்து (சிக்னலிலிருந்து ஒலியைப் பிரித்தெடுக்கும் பகுதி) உயர் அதிர்வெண் இரைச்சல் கொட்டும். பேச்சுக்கு மேலே, சுமார் 3 கிலோஹெர்ட்ஸுக்கு அப்பால் உள்ள இரைச்சலைத் தனியே பிரித்து, டி.சி. மின்னழுத்தமாக மாற்றி, நீங்கள் குமிழில் வைத்த அளவோடு ஒப்பிடுவார்கள். சிக்னல் வந்ததும் இரைச்சல் சரியும், வழி திறக்கும். ஆக, இங்கே இரைச்சல்தான் அளவுகோல். அதை முன்கூட்டியே நீக்கிவிட்டால் ஸ்குவெல்ச்சுக்கு அடைக்கவும் தெரியாது, திறக்கவும் தெரியாது.

அமெரிக்காவில் 27 மெகாஹெர்ட்ஸ் சி.பி.யில் பெரும்பாலும் ஏ.எம். தான், 2021-இல்தான் அங்கே எஃப்.எம்.மை அனுமதித்தார்கள். ஏ.எம். செட்டில் சிக்னலின் வலுவைக் காட்டும் ஏ.ஜி.சி. (பெருக்கத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் ஏற்பாடு) மின்னழுத்தத்தைப் பார்த்தே வழி திறக்கும். அதனால் பக்கத்து லாரியின் இன்ஜின் இரைச்சலே பல செட்டுகளில் ஸ்குவெல்ச்சைத் திறந்துவிடும். இரைச்சலை உள்ளே விடுகிற இரைச்சல் நீக்கி!

எதிர்த்தரப்புக்கும் ஒரு சாட்சி உண்டு. ஆங்கிலத்தில் இதற்கு 'கோடான்' என்றொரு பழைய சுருக்கப் பெயர் இருந்தது. அதன் விரிவிலேயே 'இரைச்சல் எதிர்ப்பு' என்று வரும். இருக்கட்டும். எதிர்ப்பது வேறு, நீக்குவது வேறு. ஜெர்மானியர்கள் 'ரவுஷ்ஷ்பெரெ' என்கிறார்கள். இரைச்சல் தடை என்று பொருள். அவர்களும் நீக்கத்துக்குப் போகவில்லை.

நேர்ப்பொருளைப் பிடித்துக்கொண்டு 'அமுக்கி' என்பாரும் உண்டு. குரலின் ஏற்றத்தாழ்வைச் சுருக்கும் கம்ப்ரஸருக்கு அந்தச் சொல் வேண்டும். 'வாயடைப்பு' சுவையான சொல்தான். ஆனால் நம் மைக்கை அடைப்பதுபோல் தோன்றும்.

என் தேர்வு 'ஒலிமடை'. ஹாம்கள் (பொழுதுபோக்காக வானொலி நிலையம் இயக்குபவர்கள்) ஏற்கெனவே 'ஸ்குவெல்ச் ஓப்பன் ஆகுது', 'குளோஸ் ஆகுது' என்றுதான் பேசுகிறார்கள். மடைக்கும் தமிழில் அதே இரண்டு வினைகள்: திறப்பது, அடைப்பது. மடையில் வருகிற தண்ணீர் கலங்கலா தெளிவா என்று மடை பொறுப்பேற்பதில்லை. பேச்சில் ஸ்குவெல்ச் என்றே சொல்லுங்கள், குற்றமில்லை. தமிழில் எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் ஒலிமடை என்று எழுதுங்கள்.

இந்தப் பெயரோடு குமிழை வைக்கும் முறையையும் சொல்வது எளிது. யாரும் பேசாத நேரம் பார்த்து மடையை முழுக்கத் திறந்து (குமிழ் இடப்பக்கக் கடைசி), இரைச்சலைக் கேட்டு வால்யூமை வையுங்கள். பிறகு மெல்ல வலப்பக்கம் திருப்பி, இரைச்சல் அறுகிற இடத்தைத் தாண்டி ஒரு மயிரிழையில் நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் பலவீனமான நிலையங்கள் கேட்காது. கைசெட்டில் குமிழுக்குப் பதில் மெனுவில் 0 முதல் 9 வரை இருந்தால் 0 என்பது முழுத் திறப்பு. 1-இல் தொடங்கி, சும்மா இருக்கும்போது இரைச்சல் எட்டிப் பார்த்தால் மட்டும் ஏற்றுங்கள். குரல் விட்டு விட்டு வந்தால் மானிட்டர் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். மடை தற்காலிகமாகத் திறந்திருக்கும். எஸ்.எஸ்.பி. என்னும் ஒலிபரப்பு முறையில் கேரியர் (குரலைச் சுமந்துவரும் அடிப்படை அலை) கிடையாது என்பதால் அங்கே பலரும் மடையைத் திறந்தே வைத்திருப்பார்கள்.

சி.டி.சி.எஸ்.எஸ்.ஸுக்கு 'ரகசியத் தொனி' என்று எழுதுவது இதைவிட ஆபத்து. 67 முதல் 254.1 ஹெர்ட்ஸ் வரையான தாழ்ந்த தொனி ஒன்றைக் குரலோடு அனுப்பி, அந்தத் தொனி இருந்தால் மட்டும் மடையைத் திறக்கும் ஏற்பாடு அது. தொனியே வைக்காத செட்டில் உங்கள் பேச்சு முழுதும் கேட்கும். ரகசியம் என்று நம்பி வீட்டு விவகாரம் பேசுகிறவர்கள் பாவம். இதைத் 'தொனிமடை' எனலாம். ரிப்பீட்டருக்கு (சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் நிலையம்) 88.5 ஹெர்ட்ஸ் தொனி வேண்டும் என்றால் அதன் மடைக்கு அந்தத் தொனிதான் சாவி. அது இல்லாமல் எவ்வளவு வாட்டில் கூவினாலும் திறக்காது.

மொழிபெயர்ப்பவர்கள் சர்க்யூட்டைப் பார்க்காமல் அகராதியைப் பார்ப்பதால் வரும் வினை இது. 'அலைவரிசை' படும் பாடு இன்னும் மோசம். '27 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 40 அலைவரிசைகள் உள்ளன, 19-ஆம் அலைவரிசையின் அலைவரிசை 27.185' என்று எழுதினாலும் அவர்களுக்கு உறுத்தாது. முதலாவது பட்டை, அடுத்த இரண்டும் சேனல், கடைசி அதிர்வெண்.