ஹேஷ்: ஓடுறவங்களுக்கு ஏன் கொத்துக்கறி பேரு?

"சண்டே ஹேஷ் இருக்கு, வரியா?"ன்னு ஆபீஸ்ல கூட வேலை பாக்குற வெள்ளைக்காரர் கேட்டப்போ எனக்கு ஒரு நிமிஷம் தூக்கிவாரிப் போட்டுச்சு, ஏன்னா ஹேஷ்னா எனக்குத் தெரிஞ்சது ரெண்டே ரெண்டு, ஒண்ணு ட்விட்டர் ஹேஷ்டேக், இன்னொண்ணு போலீஸ் புடிக்கிற கஞ்சா சமாச்சாரம். அவர் சொன்னது ரெண்டும் இல்ல. இங்கிலாந்துல ஒரு கிராமத்து பப்ல கார நிறுத்திட்டு, வயக்காடு, தோப்பு, சேறுன்னு ஏழெட்டு கிலோமீட்டர் ஓடிட்டு மறுபடியும் அதே பப்புக்கு வந்து பீர் குடிக்கிற ஓட்டம். முழுப் பேரு ஹேஷ் ஹவுஸ் ஹேரியர்ஸ்.

இந்த மூணு வார்த்தையில முதல் ரெண்டும் ஓட்டத்தைப் பத்தியே இல்லங்கிறதுதான் வேடிக்கை. ஹேஷ்ங்கிறது பிரெஞ்சுல வெட்டுறது, கொத்துறதுன்னு அர்த்தம் வர்ற சொல்லுல இருந்து வந்தது. கறியைப் பொடிசா கொத்தி உருளைக்கிழங்கோட வதக்கினா அது ஹேஷ். அப்பறம் மலிவான சாப்பாட்டுக்கடைக்கே ஹேஷ் ஹவுஸ்னு பேராயிடுச்சு. கம்ப்யூட்டர்காரங்க சொல்ற ஹேஷிங்கும் இந்தக் கொத்துற அர்த்தத்துல இருந்து வந்ததுதான், டேட்டாவ கொத்தி கலக்குறது. போலீஸ் புடிக்கிற ஹேஷ் மட்டும் அரபியில புல்லுன்னு அர்த்தம் வர்ற ஹஷீஷ், அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. கொத்துபரோட்டா சாப்பிட்டு வளந்த நமக்கு ஹேஷை தமிழ்ல சொல்றது கஷ்டமே இல்ல, கொத்துதான். ஹேஷ் ஹவுஸ்னா கொத்துக்கறி மெஸ்.

அந்த மெஸ் எங்க இருந்துச்சுன்னா, இங்கிலாந்துல இல்ல, கோலாலம்பூர்ல. 1938ல அங்க வேலை பாத்த பிரிட்டிஷ்காரங்க சிலர் ஆல்பர்ட் கிஸ்பர்ட்ங்கிற கணக்காளர் தூண்டுதல்ல திங்கக்கிழமை சாயந்திரம் ஓட ஆரம்பிச்சாங்க, வார இறுதியில குடிச்சதை வேர்வையா வெளிய தள்ளத்தான். அவங்கள்ல பல பேரு தங்கிச் சாப்பிட்ட இடம் சிலாங்கூர் கிளப் சேம்பர்ஸ். சாப்பாடு சப்புன்னு இருந்ததால அதுக்கு அவங்க வச்ச பட்டப்பேரு ஹேஷ் ஹவுஸ், அதையே கிளப்புக்கும் வச்சுட்டாங்க. ஓடினது பெரும்பாலும் ஊரைச் சுத்தி இருந்த ரப்பர் தோட்டங்கள்ல, அதாவது நம்மாளுங்க விடியக்காலையில பால் வெட்டப் போன அதே பால்மரக் காட்டுல, சாயந்திரம் துரைமாருங்க, முன்னால ஓடினவன் போட்டுட்டுப் போன காகிதத் துண்டைத் தேடி ஓடியிருக்காங்க. கிஸ்பர்ட் 1942 பிப்ரவரியில சிங்கப்பூர் சண்டையில செத்துப்போனார். போருக்கப்பறம் மிச்சம் இருந்தவங்க மறுபடி ஆரம்பிச்சாங்க. 1950ல சங்கமா பதிவு பண்ணப்போ எழுதிக் கொடுத்த நோக்கங்கள்ல ஒண்ணு, நல்லா தாகம் வர வச்சு அதை பீர்ல தீர்த்துக்கிறது. இன்னொண்ணு வயசான உறுப்பினர்களுக்கு உங்களுக்குத் தோணுற அளவுக்கு நீங்க கிழவனாகலன்னு புரிய வைக்கிறது. இதை சர்க்கார் ஆபீஸ்ல ஒருத்தர் படிச்சுப் பாத்துட்டு முத்திரை குத்தியிருக்கார் பாருங்க!

மூணாவது வார்த்தை ஹேரியர். முயல் விரட்டுற வேட்டைநாய். பூனைப்பருந்துக்கும் ஒரு போர்விமானத்துக்கும் இதே பேரு இருக்கு, ஆனா அது கொள்ளையடிக்கிறதுன்னு அர்த்தம் வர்ற வேற சொல், அகராதியைப் பாத்து மொழிபெயர்க்கிறவங்க இங்கதான் விழுவாங்க. 1800கள்லயே இங்கிலாந்து ஸ்கூல் பசங்க ஒரு விளையாட்டு ஆடினாங்க, ஒருத்தன் முயல், அவன் காகிதத்தைக் கிழிச்சுப் போட்டுட்டே ஓடுவான், மத்தவங்க நாய், பாத்துப் பாத்துத் துரத்தணும். அதுல இருந்து வந்ததாலதான் அங்க பல ஓட்டக் கிளப்புகளுக்கு இன்னைக்கும் பேருல ஹேரியர்ஸ்னு ஒட்டிட்டிருக்கு.

இப்ப காகிதம் இல்ல, மாவு. நான் போன அன்னைக்கு சர்ரே பக்கம் ஒரு பப்போட கார் பார்க்ல முப்பது பேரு நின்னோம், முயலா இருந்த ரெண்டு பேரு காலையிலயே போய் மாவு போட்டு வச்சிருந்தாங்க. மரத்தடியில ஒரு கை மாவு, வேலி தாண்டுற மரப்படிக்குப் பக்கத்துல ஒரு கை மாவு. பாத்தவன் "ஆன் ஆன்"னு கத்துவான், எல்லாரும் பின்னாடி. திடீர்னு தரையில கோலம் மாதிரி ஒரு வட்டம், அதுக்குப் பேரு செக். அங்கிருந்து பாதை எந்தப் பக்கம்னு தெரியாது, நாலா பக்கமும் ஓடித் தேடணும், ஒவ்வொருத்தனும் தான் பிடிச்ச முயலுக்கு மூணு காலுன்னு ஒவ்வொரு திசையில ஓடுறான். நான் பள்ளத்துல இறங்கி முன்னூறு மீட்டர் ஓடிப் பாத்தேன், மாவே இல்ல, மூச்சு வாங்க மேல ஏறி வந்தா, பின்னாடி மெதுவா நடந்து வந்த எழுபது வயசு தாத்தா வட்டத்துக்கிட்ட சாவகாசமா நிக்கிறார். அதுக்குள்ள சரியான வழிய கண்டுபிடிச்ச ஆளு வட்டத்துல அந்தப் பக்கம் மாவை காலால கலைச்சு ஒரு வாசல் மாதிரி திறந்து விட்டுட்டுப் போயிருந்தான். தாத்தா அந்த வாசலைப் பாத்துட்டு எனக்கு முன்னாடி நடந்து போயிட்டார். வேகமா ஓடுறவன் தப்பான வழியெல்லாம் ஓடி அலையணும், மெதுவா வர்றவன் வந்து சேரணும், செக் வைக்கிறதே அதுக்குத்தான்.

சரி, தமிழ்ல என்ன சொல்றது. முயல் வேட்டைன்னா நிஜ வேட்டைன்னு நினைச்சு வனத்துறைக்குப் போன் போட்டுருவாங்க. தடவோட்டம்னு சிலர் சொல்லலாம், எனக்கு ஒப்பல, தடம்னா நமக்கு பஸ் வழித்தடம் மாதிரி ஏற்கனவே போட்டு வச்ச பாதையும்தான். இங்க விஷயம் முன்னால போனவன் விட்டுட்டுப் போன அடையாளம், அதுக்கு சுவடுன்னே சொல் இருக்கு. அதனால ஓட்டத்துக்கு சுவடோட்டம், கிளப் பேரை அப்படியே ஹேஷ் ஹவுஸ் ஹேரியர்ஸ்னே விட்டுடலாம், பேரை யாரும் மொழிபெயர்க்க வேண்டாம். முன்னால போறவருக்கு முயல் சரியா பொருந்துது, அங்க ஹேர்னா காட்டுல திரியுற முயல், நம்மூரு காட்டுமுயலும் அதே வகைதான், வீட்டுல வளக்குற வெள்ளை முயல் வேற. துரத்துறவங்களை மட்டும் நாய்னு சொல்லாதீங்க, இங்கிலீஷ்ல விளையாட்டு, தமிழ்ல அடிதடி. கூட்டம்னு சொன்னா போதும். செக்குக்கு முச்சந்தி. கடைசியில பப் வாசல்ல எல்லாரும் வட்டமா நின்னு, தப்பு பண்ணினவங்களை நடுவுல கூப்பிட்டு ஒரு கிளாஸை வாயெடுக்காம குடிக்க வைக்கிற டவுன் டவுனுக்கு, ஒரே மடக்கு.

எனக்கும் ஒரே மடக்கு கிடைச்சுது. குற்றம், புது ஷூ போட்டுட்டு வந்தது, தண்டனை, அந்த ஷூவுலயே ஊத்திக் குடிக்கிறது. நான் பீர் தொடமாட்டேன்னு சொன்னதும் பெருந்தன்மையா ஆரஞ்சு ஜூஸ் ஊத்தினாங்க. வீட்டுக்கு வர்ற வரைக்கும் இடது கால் பிசுபிசுன்னு ஒட்டிட்டே இருந்துச்சு.