விளம்பர வருமானத்தை நம்பி இலவசமாகக் கொடுக்கப் போகிறீர்களா?

இந்த மாதமும் ஒரு திட்டம் என் மேசைக்கு வந்தது. செயலி இலவசம், வீடியோ இலவசம். வருமானம் என்ற இடத்தில் ஒரே சொல்: விளம்பரம். இணைய விளம்பரம் விற்பதுதான் என் வேலை. அதனால்தான் சொல்கிறேன், தயவுசெய்து அதை மட்டும் நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

கூட்டம் சேர்ந்தால் பணம் தானாக வரும் என்ற நினைப்பு தவறு என்று எத்தனை பேருக்குத்தான் சொல்வது? பெரிய முதலீட்டோடு இதைச் செய்து பார்த்தவர்களே இருக்கிறார்கள். அமெரிக்காவில் தொலைபேசி வழியாக இணைய இணைப்பு கொடுத்த ஏஓஎல் நிறுவனம் 1996 டிசம்பரில் மணிக்கணக்குக் கட்டணத்தை விட்டு, மாதம் 19.95 டாலர் என்று மாறியது. எல்லோரும் ஒரே நேரத்தில் நுழைய, வாரக்கணக்கில் பலருக்கு இணைப்பே கிடைக்கவில்லை. 1998 அக்டோபரில் நெட்ஜீரோ என்ற இன்னொரு இணைப்பு நிறுவனம் இன்னும் ஒரு படி இறங்கி, இணைப்பையே இலவசமாகக் கொடுத்தது. பதிலுக்குத் திரையில் எப்போதும் ஒரு விளம்பரப் பட்டை. லட்சக்கணக்கில் ஆட்கள் சேர்ந்தார்கள். கூட்டத்துக்குக் குறையே இல்லை.

ஆனால் ஒருவர் கூடுதலாக ஒரு மணி நேரம் இணைப்பில் இருந்தால், தொலைபேசி நிறுவனங்களுக்கு நெட்ஜீரோ கொடுக்க வேண்டிய காசும் கூடும். அந்த ஒரு மணி நேரத்தில் அவர் கண்ணில் படும் நூறாவது விளம்பரத்துக்கு முதல் விளம்பரத்தின் மதிப்பு கிடையாது. 1994-ல் ஹாட்வயர்டு என்ற இணையதளத்தில் வந்த, ஏடி அண்ட் டி தொலைபேசி நிறுவனத்தின் பேனரை, அதாவது பட்டை விளம்பரத்தை, பார்த்தவர்களில் 44 சதவீதம் பேர் சொடுக்கியதாகச் சொல்வார்கள். சில வருடங்களிலேயே பேனர்களுக்கு 1 சதவீதம்கூடத் தேறவில்லை. பக்கங்கள் பெருகினால் விளம்பர இடமும் பெருகும், விலை இறங்கும். போதாததற்கு, அன்று விளம்பரம் கொடுத்தவர்களில் பலர் முதலீட்டாளர் பணத்தில் ஓடிய டாட்காம்கள், அதாவது புதிய இணைய நிறுவனங்கள். 2000 மார்ச்சுக்குப் பிறகு பங்குச்சந்தை சரிந்ததும் அவர்கள் போனார்கள், விளம்பரமும் போனது. 2001-ல் நெட்ஜீரோ மாதம் 40 மணி நேரத்துக்கு மேல் இலவசம் இல்லை என்றது. அப்புறம் அதுவும் 10 மணி நேரமாகச் சுருங்கியது.

"பிரிட்டனில் ஃப்ரீசர்வ் என்ற இலவச இணைப்பு ஓடியதே?" என்று கேட்பார்கள். ஓடியது. அங்கே அன்று உள்ளூர் அழைப்புக்கும் நிமிடக் கணக்கில் காசு, அதில் ஒரு பங்கு ஃப்ரீசர்வுக்கு வந்தது. பயனர் பணம் கட்டிக்கொண்டுதான் இருந்தார், தொலைபேசி பில்லில். அன்றைய அமெரிக்க வீடுகளில் உள்ளூர் அழைப்புக்குப் பெரும்பாலும் அந்த நிமிடக் கணக்கே கிடையாது.

சரி, என்ன செய்யலாம்? ஒரு பயனருக்கு மாதம் எவ்வளவு செலவு, அவரால் எவ்வளவு விளம்பரப் பணம் வரும், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். ஆயிரம் பார்வைக்கு இவ்வளவு என்று யாராவது வாயால் சொல்லும் விலையை எடுக்காதீர்கள். விற்காமல் போகும் இடமும் இடைத்தரகர் கமிஷனும் போக, கையில் வந்ததை மட்டும் எடுங்கள். பண்டிகை மாதத்தை வைத்து வருடக் கணக்குப் போடவே கூடாது. தீபாவளி முடிந்த கையோடு விலை இறங்கிவிடும். ஆள் கூடக் கூட நஷ்டமும் கூடுகிறதென்றால், ஆள் சேர்க்கும் செலவை இன்றே நிறுத்துங்கள். இருப்பவர்களிடம் சிறு தொகை கேட்டுப் பாருங்கள், யார் கட்டுவார்கள் என்று இப்போதே தெரிந்துவிடும். வீட்டை அடமானம் வைப்பதற்கு முன்னால் அந்தக் கணக்கை என்னைப் போன்ற யாரிடமாவது ஒரு முறை காட்டுங்கள்.