ஒய் ஜியோலைட்டை எத்தனை முறை கழுவினாலும் சோடியம் போகாது

ஒய் ஜியோலைட் என்பது பெட்ரோலிய வினையூக்கியில் சேரும், நுண்துளைகள் கொண்ட சிலிக்கா-அலுமினாப் படிகப் பொடி. சோடியத்தோடுதான் பிறக்கும், அதை அமோனியம் கொண்டு மாற்றி எடுக்க வேண்டும். இன்னொரு மாதிரி சோதனைக்கு வந்திருக்கிறது. அமோனியம் கரைசலில் ஆறு முறை கழுவியதாகச் சீட்டு சொல்கிறது. படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்ஆர்டி படத்தில் ஒய் ஜியோலைட்டின் உச்சிகள் எல்லாம் அழகாக நிற்கின்றன. 790 டிகிரியில் சில மணி நேரம் நீராவி கொடுத்ததும் படம் தட்டையாகிவிட்டது, அதாவது படிகம் சிதைந்துவிட்டது. "பொடி சரியில்லை, சப்ளையரை மாற்றிவிடலாமா?" என்று கேள்வி வேறு. பொடியில் ஒரு குறையும் இல்லை. உள்ளே ஏறக்குறைய 4% சோடியம் ஆக்சைடு அசையாமல் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

மணலி உட்பட எந்தச் சுத்திகரிப்பு ஆலையின் எஃப்சிசி அலகை (கனமான எண்ணெயை வினையூக்கியால் பெட்ரோலாக உடைக்கும் பகுதி) எடுத்துக்கொண்டாலும், படிந்த கரியை எரிக்கும் ரீஜெனரேட்டரில் வினையூக்கி 700 டிகிரியை ஒட்டிய சூட்டில், நீராவியோடு சேர்ந்து, திரும்பத் திரும்ப வேக வேண்டும். சோடியம் மிஞ்சிய ஒய் அதைத் தாங்காது. போதாததற்கு, எண்ணெயோடு வரும் வனேடியம் சோடியத்தோடு சேர்ந்தால் சேதம் இரட்டிப்பாகும்.

"இன்னும் இரண்டு முறை கழுவினால் போய்விடும்" என்பதுதான் ஒழிக்கவே முடியாத நம்பிக்கை. கணக்கைப் பாருங்கள். சிலிக்கா, அலுமினா விகிதம் 5-ஐ ஒட்டியுள்ள ஒய் ஜியோலைட்டின் ஒரு அலகுக்கூட்டில் (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறிய கட்டம்) சுமார் 56 சோடியம் அயனிகள் உண்டு. எடையில் அது 13 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல் சோடியம் ஆக்சைடு. இவற்றில் ஏறத்தாழ 40 அயனிகள் பெரிய கூண்டில் இருக்கின்றன. அதன் வாசல் 7.4 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு), யாரும் போய் வரலாம். மீதி 16 அயனிகள் சோடலைட் கூண்டு, அறுகோணப் பட்டகம் என்ற சிறுகூண்டுகளில் அடைந்து கிடக்கின்றன. அந்த வாசலின் அகலம் இரண்டரை ஆங்ஸ்ட்ராம்கூட முழுதாகத் தேறாது. வெளியே கரைசலை எத்தனை முறை மாற்றினாலும் உள்ளே இருக்கும் அயனிக்கு அது தெரியப்போவதில்லை. 56-இல் 16 என்றால் 4% அருகே. அந்த எண்ணில்தான் எல்லோரும் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறீர்கள். கொதிநிலையை ஒட்டிய சூட்டில் மல்லுக்கட்டினால் இன்னும் கொஞ்சம் இறங்கும். ஒவ்வொரு சுற்றிலும் வரவு குறையும், அமோனியம் உப்பின் செலவு மட்டும் குறையாது.

இந்த மூடநம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பதும் தெரிந்ததே. இசட்எஸ்எம்-5 என்ற இன்னொரு ஜியோலைட்டைச் செய்து பழகிய கை. அதில் சிறுகூண்டு கிடையாது, ஐந்தரை ஆங்ஸ்ட்ராம் குழாய்கள்தான். இரண்டு பரிமாற்றத்தில் சோடியம் துடைத்துப் போய்விடும். அதே செய்முறைத் தாளை ஒய்க்கும் நகலெடுத்தால் எப்படி? இதைவிட மோசம், "சீக்கிரம் போகட்டும்" என்று கரைசலில் அமிலம் ஊற்றுவது. அலுமினியம் குறைந்த இசட்எஸ்எம்-5 அதைப் பொறுத்துக்கொள்ளும். பிஹெச் 3-க்குக் கீழே போனால் ஒய் தன் சட்டகத்து அலுமினியத்தையே இழந்து நொறுங்கும்.

சிறுகூண்டுச் சோடியத்தை வெளியே தள்ளுவது தண்ணீரல்ல, சூடு. ஒழுங்கான வரிசை இது. ஒரு கிராம் பொடிக்குப் பத்து மில்லி வீதம் ஒரு மோலார் அமோனியம் சல்பேட், 80 டிகிரி, ஒரு மணி நேரம், வடிகட்டிக் கழுவல். இதை இரண்டு மூன்று முறை செய்தால் போதும், ஆறு வேண்டாம். பிறகு 550 முதல் 650 டிகிரிக்குள் நீராவியில் கால்சினேஷன், அதாவது சுடுதல். அப்போது சட்டகத்திலிருந்து கொஞ்சம் அலுமினியம் கழன்று, அலகுக்கூடு 24.65 ஆங்ஸ்ட்ராமிலிருந்து 24.54 அளவுக்குச் சுருங்கும். உள்ளே அடைந்திருந்த சோடியமும் இடம்பெயர்ந்து பெரிய கூண்டுக்கு வரும். இப்போது மறுபடி அமோனியம் பரிமாற்றம் செய்யுங்கள், 1 சதவீதத்துக்குக் கீழே இறங்கும். 1960-களின் கடைசியிலேயே கிரேஸ் நிறுவனத்தின் மெக்டேனியலும் மாஹரும் காட்டிக்கொடுத்த வழி இது. லாந்தனம் ஏற்றுபவர்களுக்கும் இதே தர்க்கம்தான். நீர் சூழ்ந்த லாந்தனம் சிறுகூண்டில் நுழையாது. சுட்ட பிறகு நீரை உதறிவிட்டு உள்ளே போகும், சோடியத்தை வெளியே அனுப்பும், அதன் பிறகே கழுவல் பலன் தரும்.

நடுவிலுள்ள இந்தச் சூட்டை "வெறும் உலர்த்தல்" என்று நினைத்துத் தட்டில் மெல்லிசாகப் பரப்பி உலர்காற்றில் சுடுகிறார்கள். அப்படிச் செய்தால் அம்மோனியா போகும், ஆனால் நிலைப்படுத்தல் (சட்டகம் சூட்டைத் தாங்கும்படி ஆவது) நடக்காது. நீராவி ஜெனரேட்டர் இல்லையென்றால், ஈரப் பொடியை ஆழமாக நிரப்பி மூடியிட்டு, அதன் சொந்த நீராவியிலேயே வேகவிடுங்கள். ஆனால் ஆழப் படுக்கையில் மேல்பகுதியும் அடிப்பகுதியும் ஒன்றாக வராது. இரண்டிலிருந்தும் மாதிரி எடுத்து ஏஎஸ்டிஎம் டி3942 என்ற தரமுறையில் அலகுக்கூட்டின் அளவைப் பார்த்துவிடுங்கள்.

சில்லறைத் தவறுகளும் உண்டு. நீரேறிய ஒய் பொடியில் கால்வாசி தண்ணீர். 100 கிராம் எடுத்தேன் என்றால் 75 கிராம்தான் எடுத்தீர்கள். எரிப்பிழப்பு (சுட்டால் குறையும் எடை) பார்க்காமல் சோடியச் சதவீதம் எழுதாதீர்கள். போர்வெல் தண்ணீரில் கழுவாதீர்கள். துணிசோப்புத் தூளில் தண்ணீரை மென்மையாக்கப் போடுவதும் ஜியோலைட்தான், நீரிலுள்ள கால்சியத்தை அது விடுமா? ஜெல்லை 100 டிகிரியில் ஏழெட்டு மணி நேரத்துக்கு மேல் தேவையில்லாமல் வைத்தால் ஒய் கரைந்து பி (P) என்ற வேறு வகை ஜியோலைட் முளைக்கும். விதை ஜெல்லை ஒரு நாள் அறைச்சூட்டில் ஊறவைக்காமல் அவசரப்பட்டாலும் அதே பி தான்.

சோடியம் பின்வாசல் வழியாகவும் வரும். பொடியை உருண்டையாக ஒட்டவைக்கும் பைண்டராகப் போடும் சிலிக்கா சால் (சிலிக்காக் கூழ்க்கரைசல்), சோடியம் சிலிக்கேட்டிலிருந்து செய்தது. ஸ்ப்ரே டிரையரிலிருந்து வந்த 70 மைக்ரான் உருண்டைகளை அமோனியம் சல்பேட்டில் மறுபடி கழுவத்தான் வேண்டும். அந்தச் சால் அமிலத்தன்மை கொண்டது. ஜியோலைட்டை அதில் கலந்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். கலந்ததும் டிரையரில் தெளித்துவிடுங்கள். ஆலைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: ஈக்விலிப்ரியம் வினையூக்கியில் (அலகில் சுற்றிப் பழகியதில்) சோடியம் ஏறினால் எங்களைத் திட்டுவதற்கு முன், கச்சா எண்ணெயின் உப்பை நீக்கும் உங்கள் டீசால்ட்டரைப் பாருங்கள்.

இனி, தயவுசெய்து கேளுங்கள். அமோனியம் நைட்ரேட்டை முடிந்தவரை தவிர்த்துவிடுங்கள். நைட்ரேட் ஊறிய கேக்கை முழுதாகக் கழுவாமல் உலையில் வைப்பது அபாயம், சல்பேட் போதும். அமோனியம் வடிவத்தைச் சுடும்போது 300 டிகிரியைத் தாண்டியதும் அம்மோனியா கிளம்பும். உலையின் புகைவாயை வெளியேற்றக் குழாயோடு இணைத்த பிறகே சுவிட்சைப் போடுங்கள். சுட்டெடுத்த உலர்ந்த பொடியின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள், நீரை உறிஞ்சும் சூட்டில் பொங்கித் தெறிக்கும். ஆறவிட்டு, பொடியைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். தூளைக் கையாளும்போது துணி மாஸ்க் போதாது, துகள் வடிகட்டும் முகமூடி வேண்டும். சோடியம் அளக்க ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் கரைக்கிறீர்களா? கால்சியம் குளூக்கோனேட் ஜெல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா, காலாவதித் தேதி தாண்டவில்லையா என்று பார்த்துவிட்டுப் புட்டியைத் திறங்கள்.