பேனாவைத் தூக்காமல் எழுதினால் என்ன லாபம்?

ஆங்கில எழுத்துகளை ஒன்றோடொன்று இணைத்து எழுதும் ‘கர்சிவ்’ என்ற கூட்டெழுத்து நம் பிள்ளைகளுக்குத் தேவையா? அதற்குப் பதில் தேடும் முன், கை எப்படி எழுதுகிறது என்று பார்க்கலாம். தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ ஏதாவதொரு பள்ளியில் ஆசிரியர் கரும்பலகையில் எழுதுவதைக் கவனியுங்கள். தோளும் முழங்கையும் அசைகின்றன. அவரே வருகைப் பதிவேட்டில் எழுதும்போது விரல்களும் மணிக்கட்டும்தான் வேலை செய்கின்றன. தசைகள் வேறு, அளவு வேறு. கையெழுத்து மட்டும் மாறுவதில்லை. அவருடைய ‘ழ’வின் வால் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி வளைகிறது. எழுத்தின் வடிவத்தை விரல் நினைவில் வைத்திருக்கவில்லை. எந்தத் தசையைக் கொண்டும் நிறைவேற்றக்கூடிய ஓர் அசைவுத் திட்டமாக மூளை அதைச் சேமித்திருக்கிறது.

அந்தத் திட்டம் உருவாக ஆண்டுகள் பிடிக்கும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ‘அ’ எழுதுவதைப் பார்த்தால் புரியும்: கொஞ்சம் இழுக்கும், நிறுத்தும், உற்றுப் பார்க்கும், மறுபடி இழுக்கும். கண் பார்த்ததை வைத்துக் கையைத் திருத்த மூளைக்கு நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் மேலாகும். பழகிய கை அதற்குள் ஒரு வளைவையே முடித்துவிடுகிறது. அதனால் சரளமாக எழுதுகிறவர் ஒவ்வொரு கோட்டையும் பார்த்துத் திருத்திக்கொண்டிருப்பதில்லை. எழுத்து முன்னதாகவே திட்டமிடப்பட்டு வெளிவருகிறது. அப்போதுதான் கவனம், சொல்ல வந்த விஷயத்துக்குத் திரும்புகிறது. கட்டுரையை மூன்று வரியில் முடித்துவிடும் பிள்ளைக்குப் பல நேரம் யோசனைக்குப் பஞ்சமில்லை. மனம் ஒரே நேரத்தில் தாங்கக்கூடியது கொஞ்சம்தான். அதையும் எழுத்து வடிவங்களே எடுத்துக்கொண்டுவிடுகின்றன.

கையால் எழுதுவது வாசிப்புக்கும் உதவுகிறது. இந்தியானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காரின் ஜேம்ஸும் லாரா எங்கல்ஹார்ட்டும் 2012-ல் வெளியிட்ட ஆய்வில், இன்னும் வாசிக்கத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தைகள் பங்கேற்றார்கள். எழுத்துகளைத் தாமாக எழுதியும், ஏற்கெனவே போட்ட கோட்டின் மேல் வரைந்தும், விசைப்பலகையில் தட்டியும் பழகினார்கள். பிறகு ஸ்கேன் கருவிக்குள் எழுத்துகளைக் காட்டியபோது, தாமாக எழுதிப் பழகிய எழுத்துகளுக்குத்தான் வாசிப்புக்குரிய மூளைப் பகுதிகள் நன்றாக விழித்தன. குழந்தை தானாக எழுதும் எழுத்து ஒவ்வொரு முறையும் கோணலாக, ஒவ்வொரு விதமாக வரும். இத்தனை கோணல்களுக்கும் பொதுவானது எது என்று மூளை தேடும்போதுதான் அந்த எழுத்து பதிகிறது என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். பாரிமுனைக் கடைகளில் கட்டுக்கட்டாக விற்கும் புள்ளிக்கோட்டுப் பயிற்சிப் புத்தகங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஆய்வுதான் நினைவுக்கு வருகிறது. புள்ளிகளின் மேல் எழுதினால் கோணலே வராது. மூளைக்குத் தேடவும் எதுவும் இருக்காது.

சரி, கர்சிவ்? கூட்டெழுத்தை ஆதரிப்பவர்கள் இப்போது அடிக்கடி எடுத்துக்காட்டுவது நார்வேயில் ஆட்ரி வான் டெர் மேர் குழுவினர் 2024-ல் வெளியிட்ட ஆய்வு. 36 மாணவர்கள் தலையில் மூளையின் செயல்பாட்டைப் பதியும் 256 உணரிகளை அணிந்துகொண்டு, டிஜிட்டல் பேனாவால் கூட்டெழுத்தில் எழுதினார்கள். அதே சொற்களை ஒரு விரலால் தட்டச்சும் செய்தார்கள். எழுதும்போது மூளைப் பகுதிகளுக்கிடையிலான தொடர்பு மிகவும் விரிந்திருந்தது. நல்ல ஆய்வுதான். ஆனால் அது கூட்டெழுத்தை ஒப்பிட்டது தட்டச்சோடு. பிரித்து எழுதுவதோடு அல்ல. பேனா வென்றது என்பதற்கு அது சான்று. எழுத்துகளை இணைப்பதால்தான் வென்றது என்பதற்குச் சான்றாகாது.

வேகமும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. ஆனால் ஸ்டீவ் கிரஹாம் குழுவினர் 1998-ல் வெளியிட்ட ஆய்வில் வேகமாக எழுதியவர்கள், முழுக்கக் கூட்டெழுத்தில் எழுதியவர்கள் அல்ல; சில எழுத்துகளை இணைத்தும் சிலவற்றைப் பிரித்தும் எழுதிய மாணவர்களே. ஆங்கிலச் சின்ன ‘b’யையும் ‘d’யையும் இடம் வலம் மாற்றி எழுதும் குழப்பம் கூட்டெழுத்தில் குறையும் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. அரசுகளும் ஒரே முடிவில் இல்லை: பின்லாந்து 2016-ல் கூட்டெழுத்தின் கட்டாயத்தை நீக்கியது, கலிபோர்னியா 2023-ல் சட்டம் இயற்றித் திரும்பக் கொண்டுவந்தது.

நம் பிள்ளைகளின் நிலை அந்த இரண்டு இடங்களையும் போன்றதல்ல. காசிமேட்டில் வீட்டில் ஆங்கிலமே கேட்காத ஒரு குழந்தை, 247 தமிழ் எழுத்துகளோடு ஆங்கிலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து இரண்டையும் கற்கிறது. அதற்கு மேல் நான்கு கோடு நோட்டில் கூட்டெழுத்தின் இரண்டு வரிசை. பாடப்புத்தகத்திலும் கடைப் பலகையிலும் பஸ்ஸிலும் அது வாசிக்கும் ஆங்கில எழுத்து ஒரு வடிவம், நோட்டில் எழுத வேண்டியது இன்னொரு வடிவம். வாசிப்பும் எழுத்தும் ஒன்றையொன்று தாங்க வேண்டிய வயதில் இரண்டையும் பிரித்துவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கூட்டெழுத்து தரும் என்று சொல்லப்படும் மணிக்கட்டுப் பயிற்சியும் தமிழிலேயே கிடைக்கிறது. ஒரு ‘ண’ எழுதிப் பாருங்கள்: அத்தனை சுழிகள், பேனாவைத் தூக்காமல்.

முதல் மூன்று வகுப்புகளில் தமிழும் ஆங்கிலமும் தினமும் வெறும் கோட்டு நோட்டில், புள்ளிக்கோடு இல்லாமல், கையால் எழுதப்பட வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. கையடக்கக் கணினி வந்துவிட்டது என்று எழுதும் நேரத்தைக் குறைப்பது பெரிய தவறு. நான்காம் வகுப்பிலிருந்து இணைத்து எழுதும் முறையைக் காட்டலாம். ஆசிரியர் ஒரு பத்தியைச் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதட்டும். பிறர் வாசிக்க முடிகிறதா, கை வலிக்காமல் எழுத முடிகிறதா என்ற இரண்டை மட்டும் பார்த்தால் போதும். இணைக்க விரும்பும் பிள்ளை இணைக்கட்டும். இணைக்காததற்காக அரை மதிப்பெண்கூடக் குறைக்கக் கூடாது.