ஆணியில்லாமல் தைத்த கப்பல்

சிங்கப்பூரின் செந்தோசாத் தீவில் 2011ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கடல்சார் அருங்காட்சியகத்தில், ‘ஜுவல் ஆஃப் மஸ்கட்’ என்னும் பாய்மரக் கப்பல் பார்வைக்கு வைக்கப்பட்டது. 18 மீட்டர் நீளமும் 6.5 மீட்டர் அகலமும் கொண்ட அதன் பக்கவாட்டுப் பலகைகளில் ஆணி கிடையாது. விளிம்பை ஒட்டி வரிசையாகத் துளைகளும், அவற்றினூடே புகுந்து வெளிவரும் தென்னை நார்க் கயிறும்தான் பலகைகளைப் பிணைத்திருக்கின்றன.

இந்தோனேசியாவின் பெலிதுங் தீவருகே 1998இல் கண்டெடுக்கப்பட்ட 9ஆம் நூற்றாண்டுக் கப்பலின் சிதைவே இதற்கு மூலம். ஏறத்தாழ 60,000 சீன மட்பாண்டங்களோடு மூழ்கிய அக்கலத்தின் மரத்துண்டுகளில் தையல் அழியாமல் இருந்தது. அதைப் பின்பற்றி ஓமான் நாட்டார் மஸ்கட்டுக்கு அருகில் இக்கப்பலைக் கட்டி, சிங்கப்பூருக்குப் பரிசாக அளித்தனர்.

கயிற்றால் தைத்த கப்பலுக்குள் கடல்நீர் புகாதா என்ற ஐயம் எவருக்கும் எழும். விடை தையல் முறையிலேயே இருக்கிறது. இரு பலகைகளை விளிம்போடு விளிம்பாகப் பொருத்தி, அந்த மூட்டின்மேல் உட்புறமும் வெளிப்புறமும் நார்த்திரள் ஒன்றை நீளவாக்கில் வைக்கிறார்கள். ஒருவர் உள்ளேயும் மற்றவர் வெளியேயும் இருந்து கயிற்றைத் துளை வழியே மாற்றி மாற்றிக் கொடுத்து, ஒரு மரக்கோலில் சுற்றி நெம்பி இழுக்கிறார்கள். இழுத்த கயிறு தளர்வதற்குள் துளையில் சிறு முளையை அடித்து நிறுத்திவிட்டு, அடுத்த துளைக்கு நகர்கிறார்கள். கயிறு இறுக இறுக, அதனடியில் உள்ள நார்த்திரள் நசுங்கி மூட்டின் இடைவெளியை அடைத்துக்கொள்கிறது. நீர் தடுக்கும் வேலையில் ஒரு பங்கு இந்த நாருடையது. மறு பங்கு மரத்துடையது. நீரில் ஊறிய பலகை, நீளத்தில் ஏறக்குறைய மாறாமல் அகலத்தில் உப்பும். ஒவ்வொரு பலகையும் தன் அண்டைப் பலகையை நெருக்க, அவை விலக முடியாதபடி தையல் பிடித்துக்கொள்வதால், கடலில் இறங்கிய பிறகே மூட்டுகள் முழுமையாக இறுகுகின்றன. அப்படியும் கசிவு அறவே நிற்காது; அடியில் சேரும் நீரை அவ்வப்போது இறைத்தே ஆக வேண்டும்.

அலையின் முகட்டில் கப்பலின் நடுப்பகுதி ஏறும்போது இரு முனைகளும் தாழும். பள்ளத்தில் இறங்கும்போது நடுப்பகுதி தொய்யும். இப்படி வளையும் ஒவ்வொரு முறையும் அடுத்தடுத்த பலகைகள் ஒன்றன்மீது ஒன்று வழுக்கப் பார்க்கும். நேராகச் செல்லும் தையல் பலகைகளைச் சேர்த்துப் பிடிக்குமே தவிர, இந்த வழுக்கலை அவ்வளவாகத் தடுக்காது. அதைத் தடுப்பது குறுக்காகப் பெருக்கல் குறிபோல் ஓடும் கயிறு: பலகை எந்தத் திசையில் நகர்ந்தாலும் இரண்டில் ஒரு கயிறு விறைத்து நின்றுவிடும். ஆணி அடித்த பலகையில் அந்த விசை முழுவதும் சில புள்ளிகளில் குவிகிறது. தையலிலோ அது நூற்றுக்கணக்கான துளைகளுக்குப் பகிர்ந்து போகிறது. சென்னையில் துறைமுகம் வருவதற்கு முன் அலைவாய்க் கரையில் ஆளையும் சரக்கையும் ஏற்றி இறக்கிய மசூலா படகுகளும் தைத்தவையே. மோதும் அலைக்கு வளைந்துகொடுத்ததால்தான் அவை அந்தக் கரையில் உடையாமல் தாக்குப்பிடித்தன.

தென்னை நாரைத் தேர்ந்தெடுத்ததை முன்னோரின் மிகக் கூர்மையான முடிவாகவே நான் கருதுகிறேன். மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்னும் பொருள் இந்த நாரில் மிகுதி; பருத்தியில் அது இல்லை என்றே சொல்லலாம். மாதக்கணக்கில் உப்பங்கழியில் ஊறிய மட்டையிலிருந்து பிரித்தெடுக்கப்படும் இந்த நாரை உப்புநீர் எளிதில் மக்கச் செய்வதில்லை. இருந்தாலும் கயிறு தேயும் என்பதால், தைத்த கப்பல்களைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரித்துத் தைப்பது வழக்கம்.

2010 பிப்ரவரி 16 அன்று மஸ்கட்டிலிருந்து புறப்பட்ட கப்பல், கொச்சி, இலங்கையின் காலி, பினாங்கு வழியாகச் சென்று ஜூலை 3 அன்று சிங்கப்பூரை அடைந்தது. கரையேறிய பலகை உலர்ந்து சுருங்கும் இயல்புடையது. ஆகவே அருங்காட்சியகத்தில் பார்வையாளர் கண்ட மூட்டுகள், கடலில் இருந்தபோது இன்னும் நெருங்கி இறுகியிருந்திருக்கும்.